பிள்ளை மியூசிக்கல் தியேட்டர் படிக்க ஆசைப்படுகிறதா? சிலிபின் வீட்டிலிருந்து ஆடிஷன் அறை வரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் மகள் படிவம் 4 படிக்கிறாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், "எஸ்.பி.எம். முடிச்சிட்டு நான் மியூசிக்கல் தியேட்டர் படிக்கப் போறேம்மா" என்கிறாள். வீடு ஒரு நிமிடம் அமைதியாகிறது. பிறகு அப்பா கேட்பார்: "அதெல்லாம் சரி, படிச்சு முடிச்சு என்னா வேல பாப்ப?"

சிலிபினில் மட்டுமல்ல, ஈப்போவைச் சுற்றியுள்ள பல தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி வரும். அது நியாயமான கேள்விதான், பதிலைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் படிப்பில் சேர என்ன தயாரிப்பு வேண்டும்? அதில் எவ்வளவு ஏற்கெனவே உங்கள் பிள்ளையிடம் இருக்கிறது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் இல்லாத இரண்டு மூன்று விஷயங்கள் ஒரே மாதத்தில் வந்துவிடாது. ஆடிஷனுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஓடத் தொடங்குபவர்கள் தடுமாறுவது அங்கேதான். குறைந்தது இரண்டு ஆண்டு வேண்டும். படிவம் 4 தொடங்கும்போதே ஆரம்பித்தால் நிதானமாகச் செய்யலாம்.

முதலில், இது என்ன படிப்பு?

பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றையும் ஒரே ஆள் ஒரே மேடையில், அதுவும் நேரலையாகச் செய்வதுதான் மியூசிக்கல் தியேட்டர். சினிமாப் பாட்டு மாதிரி கதையை நிறுத்திவிட்டுப் பாடுவதில்லை. பாத்திரத்தால் பேச்சில் சொல்ல முடியாத கட்டம் வரும்போது பாட்டு தொடங்குகிறது. பாட்டு முடியும்போது கதை ஓர் அடி நகர்ந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 2006-இல் இஸ்தானா புடாயாவில் மேடையேறிய 'புத்ரி குனோங் லெடாங்', 2007-இல் வந்த 'பி. ரம்லி', 2018-இல் வந்த 'ஓலா போலா' மூன்றும் பெரிய தயாரிப்புகள். 'ஓலா போலா'வில் கோல்கீப்பர் முத்து என்ற பாத்திரம் உண்டு என்பது படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வெளியே பார்த்தால், ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002-இல் லண்டனிலும் 2004-இல் நியூயார்க் பிராட்வேயிலும் ஓடியது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கலை" என்று பாட்டி சொன்னால், அவரிடம் பழைய கதை ஒன்றைச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. ஆர்மோனியம், வரைந்த திரைச்சீலை, பாட்டோடு கலந்த வசனம் என்ற அந்தப் பாணி தமிழ்நாட்டின் நாடக மேடையையும் மாற்றியது. கடல் தாண்டி பினாங்குக்கும் வந்தது. அங்கே அதைப் பார்த்துப் பிறந்ததுதான் மலாய் பங்சாவான். ஆக, தோட்டத்துத் திருவிழாவில் உங்கள் தாத்தா பார்த்த இசை நாடகமும், இன்று கல்லூரியில் பாடமாக வைக்கும் பங்சாவானும் தூரத்துச் சொந்தம்.

பதின்ம வயதினரைத் தயார்படுத்துவது நமக்குப் புதிதல்ல

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தமிழ் நாடக உலகில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, சிறுவர்களை வைத்து நாடகக் குழு நடத்தியது. 1918-இல் மதுரையில் அவருடைய பால சபாவில் சேர்ந்த சிறுவர்களில் பின்னாளில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்களும் இருந்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் வளர்ந்தது இதே மாதிரி 'பாய்ஸ் கம்பெனி'களில்தான். பாட்டு, வசனம், அடவு, கத்திச் சண்டை எல்லாம் அங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அது தங்கிப் படிக்கும் மியூசிக்கல் தியேட்டர் பள்ளி.

அந்தக் கம்பெனிகளில் எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் பயந்த ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. ஆண் பிள்ளைக்குக் குரல் உடையும் பருவம். நேற்றுவரை நாயகியாகப் பாடிக் கைத்தட்டல் வாங்கிய பையனுக்கு இன்று உச்ச ஸ்தாயி வராது. வேஷம் போகும். அதற்குப் பயந்து குரலை இழுத்துப் பிடித்துப் பாடி, தொண்டையையே கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

நூறு ஆண்டு கழித்தும் பிரச்சினை அதேதான், இடம் மட்டும் யூடியூபுக்கு மாறியிருக்கிறது. முப்பது வயது பிராட்வே நடிகை முழுத் தொண்டையில் உச்சிக்குப் போவதைக் கேட்டு, பதினாறு வயதுப் பெண் அதையே தன் அறையில் கத்திப் பாடிப் பார்க்கிறாள். பேச்சுக் குரலின் பலத்தை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோகும் இந்த முறையை 'பெல்ட்டிங்' என்பார்கள். முறையாகக் கற்றால் ஆபத்தில்லை. கற்காமல் கத்தினால் குரல் நாண்களில் தடிப்பு வரலாம். ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் குரல் உடையத் தொடங்கும், அதன்பிறகு நிலைக்கச் சில ஆண்டு ஆகும். பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. கொஞ்ச நாள் காற்றுக் கலந்த மாதிரி இருக்கும்.

எனவே ஒரே விதி: இந்த வயதில் வசதியான ஸ்தாயியில் பாடுங்கள். ஆடிஷன் நடத்துபவர்கள் பதினேழு வயதுப் பிள்ளையிடம் பதினேழு வயதுக் குரலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பாட்டு முடிந்ததும் தொண்டை எரிந்தால் அந்தப் பாட்டு வேண்டாம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தேன், மிளகு, பனங்கற்கண்டு என்று நாள் கடத்தாமல் காது-மூக்கு-தொண்டை நிபுணரைப் பாருங்கள். இன்னொன்று, இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டு நேரே போய்ப் படுக்கும் பழக்கம் குரலுக்கு எதிரி. வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைத் தொட்டால் காலையில் குரல் கட்டிக்கொள்ளும்.

கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைக்கு என்ன லாபம், என்ன சிக்கல்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பல பெற்றோர் இங்கேதான் குழம்புகிறார்கள். "ஆறு வருஷம் பாட்டு கிளாஸ் போனது வீணா?" என்று கேட்கிறார்கள். வீணில்லை.

மேற்கத்திய இசையின் 'மேஜர்' ஸ்கேல் என்பது நமக்குத் தெரிந்த சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். சாதாரண 'மைனர்' ஸ்கேல் நடபைரவி. 'ஹார்மோனிக் மைனர்' கீரவாணி. ச-ரி-க-ம பாடும் பிள்ளைக்கு டோ-ரே-மி புதிய மொழியில்லை, புதிய எழுத்து மட்டும்தான். தாளம் போட்டுப் பழகிய கை, எட்டு எண்ணி ஆடும் நடனப் பாடத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஆதி தாளத்துக்கும் எட்டு எண்ணிக்கைதானே! மிஸ்ர சாபு ஏழு எண்ணிப் பழகிய பிள்ளையை, ஏழு ஏழாக ஓடும் மியூசிக்கல் பாட்டு பயமுறுத்தாது. மற்ற பிள்ளைகள் அங்கே வழி தவறுவார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது சுருதி. நம் வகுப்பில் பிள்ளைக்கு ஒரு கட்டை உண்டு. பெண் பிள்ளை ஐந்து கட்டையில் பாடுவாள், எல்லாப் பாட்டும் அதே சுருதியில்தான். ஐந்து கட்டை என்பது மேற்கத்திய கணக்கில் 'ஜி'. மியூசிக்கலில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு சுருதியில் எழுதப்பட்டிருக்கும். சில பாட்டுகள் நடுவிலேயே சுருதி மாறும். தம்பூரா இல்லாமல், பியானோவின் நாலு ஸ்வரத்தைக் கேட்டுவிட்டு உடனே ஆதாரத்தைப் பிடிக்கப் பழக வேண்டும்.

இரண்டாவது கமகம். அசைத்துப் பாடுவது நம் அழகு. ஆனால் மியூசிக்கல் பாட்டில் ஸ்வரம் நேராக நிற்க வேண்டும், அதைவிட முக்கியமாகச் சொல் தெளிவாக விழ வேண்டும். இதற்கு நம் வீட்டிலேயே ஒரு பாலம் இருக்கிறது: முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள். அவர் காலத்து மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருதச் சாகித்தியம் போட்டார். கமகம் இல்லாமல் நேராகப் பாட வேண்டியவை அவை. பாட்டு டீச்சரிடம் கேட்டால் நாலைந்து சொல்லித்தருவார். பழகிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மூன்றாவதுதான் பெரியது: பல குரல் சேர்ந்து பாடுவது. நம் மரபில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவோம். மியூசிக்கலில் பக்கத்தில் இருப்பவர் வேறு ஸ்வரம் பாடும்போது உங்கள் ஸ்வரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். இதைத் தனியாக வீட்டில் பழக முடியாது. பள்ளியில் 'கோயிர்' குழு இருந்தால் சேர்த்துவிடுங்கள். சிலிபின் லூர்து மாதா கோயில் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாடகர் குழு என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல குரலில் பாடும் எந்தக் குழுவாக இருந்தாலும் சரி, வாரம் ஒருநாள் அதில் நிற்கும் பிள்ளை, எந்தத் தனி வகுப்பும் தராத ஒன்றைக் கற்றுக்கொள்கிறது.

நோட்டு வாசிக்கத் தெரிய வேண்டுமா? சில இடங்களில் கட்டாயமில்லை. ஆனால் சேர்ந்தபின் முதல் பருவத்திலேயே தேவைப்படும். ஈப்போவில் பியானோ வகுப்புக்குப் பஞ்சமில்லை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வுகள் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அதே அமைப்பு 2020 முதல் மியூசிக்கல் தியேட்டர் பாட்டுக்கென்றே தனித் தேர்வு நடத்துகிறது என்பது பலருக்குத் தெரியாது. எட்டு கிரேடும் முடிக்க வேண்டும் என்றில்லை. அடிப்படைப் பியானோவும் கிரேடு 5 தியரியும் கையில் இருந்தால் பிள்ளை தைரியமாக இருக்கும்.

பரதம் ஆடும் பிள்ளை

அரைமண்டியில் நின்று தொடை நடுங்கிய பிள்ளைக்கு பாலேவின் 'ப்ளியே' அந்நியமில்லை. இரண்டிலும் இடுப்பிலிருந்து கால் வெளிப்புறம் திரும்பும். வித்தியாசம் எடையில் இருக்கிறது. பரதம் தரையைத் தட்டும், உடல் கீழே வேர் பிடிக்கும். பாலே மேலே எழும், சத்தமில்லாமல் இறங்கும். ஜாஸ் நடனத்தில் இடுப்பும் தோளும் தனித்தனியாக அசைய வேண்டும். பரதத்தில் நேராக வைக்கச் சொல்லி டீச்சர் திட்டிய அதே இடம்! ஆகவே எஸ்.பி.எம்.முக்கு முந்தைய ஓர் ஆண்டாவது பாலே அல்லது ஜாஸ் அடிப்படை வகுப்பு போவது நல்லது. ஆடிஷன் அறையில் ஒரு நடன அசைவைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்து உடனே ஆடச் சொல்வார்கள். எவ்வளவு அழகாக ஆடுகிறாய் என்பதோடு, எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறாய், தப்பினால் முகம் சுளிக்கிறாயா, தொடர்கிறாயா என்பதையும் பார்ப்பார்கள்.

அபிநயம் கைகொடுக்குமா? கொடுக்கும், காலையும் வாரிவிடும். ஒன்பது ரசமும் முகத்தில் காட்டப் பழகிய பிள்ளை, நடிப்புத் தேர்வில் புருவத்தை ஏற்றி இறக்கி எல்லாவற்றையும் 'காட்டி'விடுகிறது. அங்கே கேட்பது வேறு. எதிரே ஒரு மனிதர் இருப்பதாக நினைத்து, அவரிடம் ஒன்றைப் பெற வேண்டிய அவசரத்தோடு பேசுவது.

இடையில் ஒரு வார்த்தை. அரங்கேற்றத்துக்கு மண்டபம், நகை, பக்கவாத்தியம், சாப்பாடு என்று நாம் செய்யும் செலவை எல்லாரும் அறிவோம். பிள்ளை இந்தத் துறைக்குத்தான் போகப் போகிறது என்றால், அரங்கேற்றத்தைச் சின்னதாக வைத்துவிட்டு மிச்சத்தை இரண்டு ஆண்டு பாலே, பியானோ வகுப்புக்குத் திருப்புவது என் கணக்கில் நல்ல முதலீடு. டீச்சர் கோபித்துக்கொள்ளலாம், உறவினர் பேசலாம். யோசித்து முடிவெடுங்கள்.

பையன்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடும் பையனைக் கிண்டல் பண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ராம்லி இப்ராஹிம் 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கி, ஒடிசியையும் பரதத்தையும் இந்த நாட்டு மேடையில் நிறுத்தியவர். அவருடைய பெயரை வீட்டில் ஒருமுறை சொல்லுங்கள், கிண்டல் பண்ணும் சித்தப்பாவுக்கும் சேர்த்து.

பேச்சுதான் நம் பிள்ளைகளின் பலவீனம்

பாட்டும் நடனமும் இருக்கும் தமிழ்ப் பிள்ளை ஆடிஷனில் எங்கே விழுகிறது? தனிமொழியில். மேடையில் தனியாக நின்று, மலாயிலோ ஆங்கிலத்திலோ, ஒன்றரை நிமிடம் ஒரு பாத்திரமாகப் பேச வேண்டும். தமிழில் பட்டிமன்றமே நடத்தும் பிள்ளை இங்கே குரல் சிறுத்து, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசிவிடும்.

இதற்குப் பள்ளியிலேயே மருந்து இருக்கிறது, செலவும் இல்லை. ஆங்கில 'கோரல் ஸ்பீக்கிங்', மலாய் 'சாஜாக்' வாசிப்பு, பந்துன் போட்டி, நாடகப் போட்டி எல்லாவற்றிலும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். புறப்பாட நடவடிக்கை மதிப்பெண்ணுக்கும் அது உதவும். பிறகு எஸ்.டி.பி.எம். வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம் என்றுதான் கணக்கு.

தனிமொழியைச் சினிமாவிலிருந்து எடுக்க வேண்டாம். அச்சில் வந்த நாடகத்திலிருந்து, பிள்ளையின் வயதுக்கு ஏற்ற பாத்திரத்தை எடுங்கள். மலாயில் உஸ்மான் அவாங்கின் 'ஊடா டான் டாரா' நல்ல தொடக்கம். ஏழைப் பையனும் பணக்கார வீட்டுப் பெண்ணும் காதலிக்கும் கதை என்பதால் பதினேழு வயதுக்குப் புரியும். நோர்டின் ஹசானின் நாடகங்கள் கொஞ்சம் கடினம், ஆனால் படித்து வைத்தால் நேர்முகத் தேர்வில் பேச விஷயம் இருக்கும். முழு நாடகத்தையும் படிக்க வேண்டும். "இந்தப் பாத்திரம் இதற்கு முன் காட்சியில் என்ன செய்தது?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கக் கூடாது.

உச்சரிப்பு? நம் வாடை கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, அதை மறைக்கத் தெரியாத அமெரிக்கன் உச்சரிப்பைப் போட்டுக்கொள்வதுதான் மோசம். கடைசி வரிசைக்குச் சொல் புரிந்தால் போதும்.

எங்கே படிக்கலாம்?

'மியூசிக்கல் தியேட்டர்' என்ற பெயரிலேயே பட்டம் தேடினால் நம் நாட்டில் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் தியேட்டர், இசை, நடனம் என்று தனித்தனியாகவே படிக்க வேண்டியிருக்கும். ஒன்றை முதன்மையாக எடுத்து, மற்ற இரண்டையும் பக்கத்திலேயே வளர்ப்பதுதான் இங்குள்ள வழி.

முதலில் பார்க்க வேண்டியது கோலாலம்பூர் ஜாலான் துன் இஸ்மாயிலில் உள்ள அஸ்வாரா, அதாவது தேசியக் கலை, பண்பாடு, பாரம்பரிய அகாடமி. 1994-இல் தொடங்கி, 2006-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அரசு நிறுவனம் என்பதால் தனியார் கல்லூரியைவிடக் கட்டணம் குறைவு. எஸ்.பி.எம். முடித்தவர்கள் டிப்ளோமாவில் சேரலாம், திறன் தேர்வும் நேர்முகமும் உண்டு. தியேட்டர் பிரிவில் பங்சாவான் போன்ற மலாய் மரபுகளும், நடனப் பிரிவில் மலாய் நடனம், பாலே ஆகியவற்றுடன் பரதமும் பாடமாக இருக்கின்றன. மலாய்தான் முக்கியப் பயிற்று மொழி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு அது தடையில்லை, ஆனால் முதல் சில மாதம் தனியாக உணரலாம். அதைப் பிள்ளையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இசை, நிகழ்த்துக் கலைக்கென்றே ஒரு புலம் உண்டு. "நடிப்பும் வேணும், கவர்மெண்டு வேலைக்கும் ஒரு கதவு திறந்திருக்கணும்" என்று நினைக்கும் குடும்பங்களுக்கு ஆசிரியப் பயிற்சியோடு இணைந்த இசைப் படிப்பு பொருந்தும். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகமும் தலைநகரில் மலாயாப் பல்கலைக்கழகமும் நாடகம் சார்ந்த பட்டப்படிப்பு வைத்திருக்கின்றன. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தியேட்டர் உண்டு, ஆனால் அங்கே பூமிபுத்ரா மாணவர்களுக்கே இடம் என்பதால் அதை எண்ணி நாளை வீணாக்க வேண்டாம். தனியாரில் சன்வே, யூசிஎஸ்ஐ போன்றவை நிகழ்த்துக் கலை, சமகால இசைப் படிப்புகளைத் தருகின்றன.

அந்தப் பெயரிலேயே பட்டம் வேண்டும் என்றால் மிக அருகில் இருப்பது சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரி. 2024-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம் அது. வெளிநாட்டு மாணவர்கள் அந்நாட்டு அரசின் கல்வி மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும். கிடைத்தால், படித்து முடித்தபின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். நடிகருக்கு மூன்று ஆண்டு நிலையான வேலை தேடுவது சுலபமில்லை, கையெழுத்துக்கு முன் அதை யோசியுங்கள். அமெரிக்கா, பிரிட்டன் பற்றிய ஆசை இருந்தால் இப்போதைக்கு ஒன்று தெரிந்தால் போதும்: அங்கே பல கல்லூரிகள் முதலில் வீடியோ கேட்கும், அதில் தேறினால்தான் நேர்முக ஆடிஷன்.

வீடியோவும் பாட்டுத் தேர்வும்

வழக்கமாக இரண்டு பாட்டு கேட்பார்கள். ஒன்று மெதுவானது, ஒன்று துள்ளலானது. முழுப் பாட்டு அல்ல, ஒரு நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. சில இடங்களில் பதினாறு 'பார்' என்று எண்ணிச் சொல்வார்கள். எல்லாரும் பாடும் பாட்டைத் தவிர்ப்பது நல்லது, ஆனால் புதுமைக்காகப் பொருந்தாத பாட்டை எடுப்பது அதைவிட மோசம். பிள்ளை பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் இருக்கும் பாட்டை எடுங்கள்.

ஃபோனில் எடுத்தால் போதும். வெள்ளைச் சுவர், முகத்தில் வெளிச்சம், ஃபோனைப் படுக்கைவசமாக வைத்தல், அவ்வளவுதான். குரலை மெருகேற்றும் செயலி எதுவும் வேண்டாம், கேட்பவர்களுக்கு உடனே தெரியும். ஈப்போவில் பிற்பகல் மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் எல்லாம் கெட்டது, காலையிலேயே எடுத்துவிடுங்கள். கடைசி நாள் வரை ஒத்திவைக்காதீர்கள். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி நாளைக்குக் கெடு என்ற இரவில் பாடத் தொடங்கி, பதினேழாவது முறை பாடும்போது குரலே போய்விட்டது. அனுப்பியது மூன்றாவது முறை பாடியதை. அதை முந்தின வாரமே அனுப்பியிருக்கலாம்.

நல்ல மேடை நாடகத்தை நேரில் பார்ப்பதும் தயாரிப்புதான். ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கேஎல் சென்ட்ரல் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், அங்கிருந்து கொமுட்டரில் செந்தூல். 2005-இல் திறந்த கோலாலம்பூர் நிகழ்த்துக் கலை மையம் அங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை போனாலும் பிள்ளையின் கண் திறக்கும். செலவு கட்டுப்படாதவர்கள் மாநிலக் கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் நிகழ்ச்சிகள், வகுப்புகள் பற்றிக் கேளுங்கள்.

பணம், பிறகு அப்பாவின் அந்தக் கேள்வி

எஸ்.பி.எம்.மில் மலாயும் வரலாறும் தேறாமல் சான்றிதழே இல்லை. டிப்ளோமாவுக்குப் பொதுவாக மூன்று பாடத்தில் கிரெடிட் வேண்டும், அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மலாயில் கிரெடிட் கட்டாயம். "நடிக்கத்தானே போறேன்" என்று வரலாற்றைக் கைவிடும் பிள்ளைக்கு இதை இன்றே சொல்லுங்கள்.

பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும்தான். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, அந்தக் கல்லூரி மாணவருக்குக் கடன் கிடைக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன் பாருங்கள். தனியார் கல்லூரி விளம்பரத்தில் 'சர்வதேசச் சான்றிதழ்' என்று மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பெற்றோரின் இ.பி.எஃப். கணக்கில், 2024 மே மாதம் முதல் 'அக்காவுன் செஜாத்ரா' என்று பெயர் மாறிய பகுதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். ம.இ.கா.வின் எம்.ஐ.இ.டி. கல்விக் கடனும் உண்டு. ஓய்வுகாலப் பணத்தைத் தொடும் முன், அஸ்வாரா மாதிரி குறைந்த கட்டண வழி அடைத்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள்.

இப்போது "என்னா வேல பாப்ப?" உண்மையைச் சொன்னால், மேடையில் மட்டும் நடித்துக் குடும்பம் நடத்துபவர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. பெரும்பாலோர் பல வேலைகளைச் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள்: குரல் பதிவு, டப்பிங், விளம்பரம், நிகழ்ச்சி நெறியாள்கை, குழந்தைகளுக்கு நடிப்பு வகுப்பு, மேடைக்குப் பின்னால் தயாரிப்பு வேலை. எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு வரும் குரல் கலைஞர்களில் மேடைப் பயிற்சி உள்ளவர்களை ஒரே பத்தியில் கண்டுபிடித்துவிடலாம். மூச்சு சிதறாது, திருத்தம் சொன்னால் முகம் வாடாது. வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பு கலைஞர்களுக்கும் உண்டு, பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கேட்டபிறகும் பிள்ளை வேண்டும் என்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் "ஒரு வருஷம் வேற படி, அப்புறம் பார்க்கலாம்" என்பது நல்ல சமரசம் போலத் தெரியும், ஆனால் உடம்பு சம்பந்தப்பட்ட படிப்பில் அந்த ஒரு வருடம் பயிற்சி நின்றுபோகிற வருடம். அதைவிட, "ஆடிஷனுக்குப் போ, இரண்டு இடத்திலாவது தேறினால் பேசுவோம்" என்பது நேர்மையான ஒப்பந்தம். மகளை வேறு ஊருக்கு அனுப்பப் பயமாக இருந்தால், அதைப் பணத்தின் பேரில் மறைக்காமல் நேராகச் சொல்லுங்கள். விடுதி, ஒத்திகை முடியும் நேரம், இரவில் திரும்பும் வழி என்று கல்லூரியிலேயே கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

ஆடிஷன் கோலாலம்பூரில் காலை ஒன்பது மணிக்கு என்றால், விடியற்காலை ரயிலை நம்பாதீர்கள். முதல் நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். பாட்டின் நோட்டுத் தாள் சரியான சுருதியில் இரண்டு பிரதி, பின்னணி இசை ஃபோனிலும் பென்டிரைவிலும், உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, முடியைக் கட்ட ரப்பர் பேண்ட், மிதமான சூட்டில் தண்ணீர். சலங்கையை எடுத்துப் போகலாமா என்று பிள்ளை கேட்டால், எடுத்துப் போகச் சொல்லுங்கள். "வேறு ஏதாவது செய்து காட்டுகிறாயா?" என்று கடைசியில் கேட்பதுண்டு.